மூன்றாம் நாள் நின்றுபோகும் கரு

"மேடம், நேத்து வரைக்கும் எட்டு கரு நல்லா வளருதுன்னீங்க. இன்னிக்கு மூணுங்கிறீங்க. மிச்சம் என்னாச்சு?"

முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கரு வளர்க்கும் ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் பேபி) ஆய்வகத்தில், மதுரையில் வேலை பார்க்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் நகையை அடகு வைத்துவிட்டு வருகிறார்கள். நான் பதில் சொல்வதற்குள், "முட்டை எடுத்த மறுநாளே பஸ்ல அலைஞ்சா எப்படித் தங்கும்?" என்று மாமியார் மருமகளைப் பார்ப்பார். அந்தப் பெண் தலை குனிந்துவிடுவார். ஆனால் கரு அப்போது அவர் வயிற்றிலேயே இல்லை. எங்கள் இன்குபேட்டரில், 37 டிகிரி சூட்டில் இருக்கிறது.

நடப்பது இதுதான். விந்தணு சேர்ந்த பிறகும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குக் கருவின் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்புவதுபோல, முட்டை தனக்குள் சேர்த்து வைத்த புரதங்களையும் ஆர்என்ஏ குறிப்புகளையும் வைத்தே செல்கள் பிரிகின்றன. சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும் முட்டையில் இருந்தவைதான். நான்கு செல்லிலிருந்து எட்டு செல் ஆகும் கட்டத்தில், அதாவது மூன்றாம் நாள் வாக்கில், தாயும் தகப்பனும் தந்த மரபணுக்கள் பெரிய அளவில் இயங்கத் தொடங்குகின்றன.

சாப்பாடும் அதையொட்டி மாறுகிறது. ஆரம்பத்தில் கரு, குளுக்கோஸ் உடைந்து உண்டாகும் பைருவேட் என்ற சிறு பொருளைத்தான் அதிகம் எடுக்கும், குளுக்கோஸ் கொஞ்சம்தான். நான்காம் நாள் செல்கள் ஒன்றோடொன்று இறுகி, ஐந்தாம் நாள் நடுவில் நீர் கோத்து பிளாஸ்டோசிஸ்ட் ஆகும்போது குளுக்கோஸ் தேவை எகிறிவிடும். ஆனால் மைக்ராஸ்கோப்பில் மூன்றாம் நாள் அழகாக எட்டு செல்லாக நின்ற சில கருக்கள், மறுநாளும் அதே எட்டு செல்லாகவே நிற்கும். மரபணுக்கள் விழிக்காவிட்டாலோ குரோமோசோம் கணக்கு பிசகியிருந்தாலோ இப்படி நின்றுவிடும். ஆய்வகத்தில் உருவாகும் கருக்களில் ஏறக்குறைய பாதி ஐந்தாம் நாளைப் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் வீட்டு ஆண்களிடம் உறுதியாகச் சொல்கிறேன். தகப்பனின் மரபணுக்கள் இந்தக் கட்டத்தில்தான் வேலைக்கு வருவதால், விந்தணுவின் டிஎன்ஏவில் பழுது இருந்தால் அதுவும் இப்போதுதான் வெளியே தெரியலாம். பெண்ணை மட்டும் நிற்க வைத்துக் கேள்வி கேட்பது அநியாயம்.

முதல் வாரங்களின் நிலைமை மரபணுக்களின் மேல் குறியாகவும் பதிகிறது. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் கடும் பஞ்சம். அப்போது கருவானவர்களின் ரத்தத்தை அறுபது ஆண்டு கழித்துச் சோதித்தபோதும், வளர்ச்சிக்கான ஒரு மரபணுவில் மெத்தில் குறிகள் (மரபணு எவ்வளவு இயங்க வேண்டும் என்பதைப் பாதிக்கும் வேதிக் குறிகள்) குறைவாக இருந்தன. நம் ஊர்ப் பெண்கள் இருக்கும் ஒரு நாள் விரதத்தோடு இதை முடிச்சுப் போட வேண்டாம். அது மாதக்கணக்கில் நீண்ட பட்டினி.

குடும்பங்கள் செய்யக்கூடியது கருவுக்கு முந்தைய மூன்று மாதங்களில் இருக்கிறது. முட்டையின் கடைசிக்கட்ட வளர்ச்சியும் விந்தணு உருவாவதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் நடக்கின்றன. கணவர் பீடி, சிகரெட், மதுவை அப்போதே நிறுத்த வேண்டும். சுகர் உள்ள பெண்கள் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவை, சுகர் தாழ்ந்துபோகாமல், 6.5-க்குக் கீழே கொண்டுவருவது நல்லது. ஃபோலிக் ஆசிட் தினம் 400 மைக்ரோகிராம். சுகர், வலிப்பு உள்ளவர்களுக்கு டாக்டர் கூடுதலாகத் தருவார். நாள் தள்ளிப்போன பிறகு ஃபோலிக் ஆசிட் தொடங்கினால் தாமதம், ஏனென்றால் அது காக்கும், குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய் கருவான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. வலிப்பு மாத்திரையோ சுகர் மாத்திரையோ சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்திவிடாமல், மாற்ற வேண்டுமா என்று கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.