முப்பரிமாண நெம்புருள்: ஒரு பெயர், இரண்டு பொருள்

சுழற்சியை வாங்கி, அதை ஏறி இறங்கும் அசைவாகவோ முன்பின் நகர்வாகவோ மாற்றித் தரும் பாகத்தைப் பட்டறையில் எல்லோரும் கேம் என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் அது நெம்புருள். நெம்புகோலில் வரும் அதே நெம்பு, கூடவே சக்கரத்தைக் குறிக்கும் பழைய சொல்லான உருள். சுழன்றுகொண்டே நெம்பித் தள்ளுவது என்று வேலை பெயரிலேயே தெரிவதால் எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும். கேம் ஆங்கிலத்துக்கு டச்சு மொழியிலிருந்து போன சொல். அங்கே காம் என்றால் சீப்பு, சக்கரத்தின் பல் என்றும் பொருள். கேட்-கேம் (CAD/CAM) என்பதில் வரும் கேம் வேறு, அது கணினிவழி உற்பத்தியைக் குறிக்கும் எழுத்துச் சுருக்கம்.

சரி, முப்பரிமாணம் எங்கே வருகிறது? சாதாரணத் தட்டு நெம்புருளில் அசைவு ஒரே தளத்தில் நடக்கும். உருளையின் மேல் பள்ளம் வெட்டினால் அசைவு அச்சின் திசைக்குத் திரும்பிவிடும். பல பழைய தையல் மெஷின்களில் நூலை மேலே இழுக்கும் கையை ஆட்டுவது இந்த வகைதான். முப்பரிமாண நெம்புருள் என்ற பெயரின் முதல் பொருள் இதுதான். ஆனால் இதற்கு உருளை நெம்புருள் என்ற பெயரே போதும்.

இதை மென்பொருளில் வரையும்போது பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. உருளையின் விட்டம் 100 மி.மீ. என்றால் அதன் மேற்பரப்பை விரித்த பட்டையின் நீளம் 314.16 மி.மீ. அதில் பள்ளத்தை வரைந்து, சாலிட்வொர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளின் ராப் கட்டளையால் உருளைமேல் சுற்றிக் குடைந்தால் பார்க்கச் சரியாகவே இருக்கும். ஆனால் சுவர்கள் மையத்தை நோக்கிச் சாய்வதால், சரிவான இடங்களில் பள்ளம் ஆழம் போகப் போகக் குறுகும். பள்ளத்துக்குள் ஓடும் ரோலரோ மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமன். அங்கே போய் இறுகிக்கொள்ளும். அதனால் ரோலர் அளவிலேயே ஒரு திடப்பொருளை எடுத்து, பாதை நெடுக நகர்த்தி வெட்டுவதுதான் முறை. இயந்திரத்தில் எண்ட் மில் என்ற சுழலும் வெட்டுக்கருவி செய்வதும் அதையேதான்.

இரண்டாவது பொருள் இன்னும் சுவையானது. இந்த வகை சுழலவும் செய்யும், அச்சோடு நகரவும் செய்யும். சுழன்ற கோணம், நகர்ந்த தூரம் இரண்டையும் பொறுத்து, நெம்புருளைத் தொட்டபடி அசையும் பாகமான பின்தொடரியின் உயரம் மாறும். அதாவது, இரண்டு அளவுகளைக் கொடுத்தால் மூன்றாவதைத் தரும் அட்டவணை ஒன்று உலோகத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படையில் பீரங்கிகளைக் குறிவைக்க உதவிய கணிப்பான்கள் இவற்றைப் பயன்படுத்தின. உருளைப் பள்ளத்தையும் இதையும் ஒரே பெயரால் அழைப்பது குழப்பம்தான். பரப்பு முழுவதும் வேலை செய்வதால் இதைப் பரப்பு நெம்புருள் எனலாம் என்பது என் யோசனை.

இதை வரைய, அச்சின் நெடுக அடுத்தடுத்து குறுக்குவெட்டு வளைவுகளைப் போட்டு லாஃப்ட் கட்டளையால் இணைக்க வேண்டும். கணக்கில் கிடைப்பது, பின்தொடரியின் நுனியில் உள்ள உருண்டையான குண்டின் மையம் போகும் பரப்பு. அதைக் குண்டின் ஆரம் அளவுக்கு உள்ளே தள்ளினால்தான் உண்மையான மேற்பரப்பு கிடைக்கும். அப்புறம் மேற்பரப்பில் குழிந்திருக்கும் ஒவ்வொரு இடத்தின் வளைவு ஆரத்தையும் பார்த்துவிடுங்கள். குண்டின் ஆரத்தைவிடச் சிறியதாக இருந்தால் குண்டு அடிவரை இறங்காது.