போர்ட்டபிள்: கையடக்கமா, பெயர்ப்பா?

போன மாதம் கடலூரில் ஒரு கல்லூரி மாணவர், தான் தமிழாக்கிய சர்வர் கையேட்டைக் கொண்டுவந்து காட்டினார். நடுவில் ஓரிடத்தில் 'ஓபன்எஸ்எஸ்எச் கையடக்கப் பதிப்பு' என்று இருந்தது. தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் முறைக்கான மென்பொருள் அது. "என்ன தம்பி, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். "டிக்‌ஷனரியில் போர்ட்டபிள்னா அப்படித்தான் சார் போட்டிருக்கு" என்றார். தப்பு அவர்மேல் இல்லை. டிவி, தையல் மிஷின், டைப்ரைட்டர் என்று தூக்கிப் போகக்கூடிய எதற்கும் அந்தச் சொல்லைத்தான் ஒட்டிப் பழகியிருக்கிறோம். ஆனால் மென்பொருளுக்கு ஏது கனம்?

'போர்த்தாரே' என்ற லத்தீன் வினைக்குச் சுமந்து செல்வது என்று பொருள். விழுப்புரம் ஜங்ஷனில் பெட்டி தூக்கிய போர்ட்டரும் இந்த வேரில் பிறந்தவர்தான். பிரெஞ்சுக்காரர்கள் செல்போனையே 'போர்த்தாபிள்' என்பார்கள். புதுச்சேரியில் பிரான்ஸ் சொந்தம் உள்ள வீடுகளுக்கு இது புதிதல்ல. ஆக, பொருட்களுக்குக் கையடக்கம் சரி. கணினிக்காரர்கள் கையில்தான் சொல் திசை மாறியது. ஓர் இயங்குதளத்துக்காக எழுதிய நிரலை இன்னொன்றிலும் ஓடும்படி ஆக்குவதை 'போர்ட்' செய்வது என்றார்கள்.

குழப்பத்துக்கு இன்னொரு போர்ட்டும் உண்டு. வலைவழி இணைப்புகள் கணினிக்குள் நுழைய எண்ணிட்ட வாசல்கள் அவை. எஸ்எஸ்எச் வழக்கமாகக் காத்திருப்பது 22ஆம் போர்ட்டில். கோப்பு அனுப்பும் எஃப்டிபியின் 21க்கும், தொலைவில் நுழையும் பழைய முறையான டெல்நெட்டின் 23க்கும் நடுவே. துறைமுகம், வாசல் என்ற பொருளுள்ள லத்தீன் சொற்களின் வழியில் வந்த போர்ட் இது. தமிழில் 'துறை 22' என்று எழுதுகிறார்கள். கடலூர் முதுநகர்க்காரனான எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரே சாயலில் நிற்கும் இரண்டும் தமிழில் பிரிந்துவிடுவது வசதிதான்.

சரி, ஓபன்எஸ்எஸ்எச்சுக்கு வருவோம். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாத்து யுலோனன், அங்கே வலையில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பிறகு, முதல் எஸ்எஸ்எச்சை எழுதினார். 1999இல் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழுவினர் அதன் பழைய கட்டற்ற வடிவத்திலிருந்து ஓபன்எஸ்எஸ்எச்சைக் கிளப்பினார்கள். அவர்கள் தங்கள் இயங்குதளத்துக்கு மட்டுமே, சுத்தமாக எழுதுவார்கள். லினக்ஸ், சோலாரிஸ், மேக் என்று மற்றவற்றுக்கு ஏற்றபடி ஆக்குவது தனி வேலை. பதிப்பு எண்ணின் வாலில் 9.9பி1 என்று வருகிறதே, அந்த 'பி'தான் நம் போர்ட்டபிள்.

அந்த வேலை எப்படிப்பட்டது? ஓபன்பிஎஸ்டியில் எழுத்துத் தொடரை அளவு மீறாமல் நகலெடுக்கும் 'ஸ்ட்ரெல்காபி' என்றொரு செயற்கூறு 1998 முதலே இருக்கிறது. லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்துக்கு அது 2023இல்தான் வந்தது. அதுவரை இல்லாத இடங்களுக்கெல்லாம் மாற்று ஒன்றைக் கூடவே அனுப்ப வேண்டியிருந்தது. நிரல் தேவையில்லாத எதையும் செய்யாதபடி அதன் கையைக் கட்டிப்போட ஓபன்பிஎஸ்டியில் 'பிளெட்ஜ்' இருக்கிறது. லினக்ஸில் அதே காரியத்தை 'செக்காம்ப்' வைத்துச் செய்ய வேண்டும்.

கூட வரும் சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகளின், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்புகளின், பாடு இன்னும் திண்டாட்டம். 'எஸ்எஸ்எச் காப்பி ஐடி' கடவுச்சொல்லுக்குப் பதிலாக நம்மை அடையாளம் காட்டும் பொதுச் சாவியைத் தொலைவில் உள்ள சர்வரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அது 'கான்ட்ரிப்' என்ற கோப்புறையில் இருக்கிறது. மொய்ப் பட்டியல் மாதிரி, வெளியார் எழுதித் தந்தவை அங்கே சேரும். இந்த ஸ்கிரிப்ட் நம் கணினியிலும் ஓட வேண்டும், எதிர்ப்பக்கம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் எதுவாக இருந்தாலும் அங்கேயும் ஓட வேண்டும். பாஷ் போன்ற சில ஷெல்களில் மட்டும் செல்லும் இரட்டைச் சதுர அடைப்பை எழுதிவிட்டால், டேஷ் என்ற எளிய ஷெல்லை வைத்திருக்கும் உபுண்டு லினக்ஸின் 'எஸ்எச்' முகம் சுளிக்கும். கோப்பில் உள்ள வரிகளைத் திருத்தும் 'செட்' கட்டளையின் 'ஐ' ஆப்ஷன் லினக்ஸில் ஒரு மாதிரி, மேக்கில் வேறு மாதிரி. இதில் நானே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் தமிழில் 'பெயர்' என்ற வினையே போதும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது வேரோடு பெயர்ந்த பண்ருட்டிப் பலா மரங்களை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. இருந்த இடத்திலிருந்து கழன்று வருவது பெயர்வது. இடம்பெயர்ந்தார்கள், புலம்பெயர்ந்தார்கள் என்கிறோமே, அங்கே போய்ச் சேருவதும் அதில் உண்டு. போர்ட் செய்வதிலும் இந்த இரண்டும்தான் நடக்கிறது: ஓபன்பிஎஸ்டியில் ஊன்றிய வேரைக் கழற்றுவது, வேற்று மண்ணில் பிடிக்க வைப்பது. தொல்காப்பியம் மொழிபெயர்ப்பைச் சொல்லும்போது 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்' என்கிறது. அதர் என்றால் வழி. போகிற இடத்தின் வழிக்கு இசையக் கட்டவேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

கலைச்சொல் பட்டியல்களில் 'பெயர்வுத்திறன்' என்று பார்த்திருக்கிறேன். போர்ட்டபிலிட்டி என்ற பண்பைச் சொல்ல அது பொருந்தும், ஆனால் நாக்கில் நிற்காது. செயலைச் சொல்லப் பெயர்த்தல், வந்த பதிப்பைச் சொல்லப் பெயர்ப்பு: இவையே எனக்குப் பிடித்தவை.

மாணவரிடம் சொன்னேன். "பெயர்னா நேம்னு நினைச்சுக்க மாட்டாங்களா சார்?" என்றார். மொழிபெயர்ப்பு என்றால் யாரும் அப்படி நினைப்பதில்லையே என்றேன். 'கையடக்கப் பதிப்பு' போய் 'பெயர்ப்புப் பதிப்பு' வந்தது. அப்புறம் ஆர்வத்தில் 9.9பி1ஐயும் '9.9பெ1' என்று மாற்றப் போனார். அதை மட்டும் தடுத்தேன். கோப்பின் பெயர் அது, மாற்றினால் டவுன்லோடு ஆகாது.