சைக்கோசிஸ்: தமிழ்ல என்ன சொல்றது, வார்டுல எப்படி அளக்குறாங்க

வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர ஒருத்தர் 'சைக்கோ'ன்னு திட்டிக்கிறோமே, அதுக்கும் டாக்டர் சொல்ற சைக்கோசிஸுக்கும் சம்பந்தம் ரொம்ப கம்மி. சைக்கோசிஸ்னா எது நிஜம் எது நிஜமில்லன்னு பிரிச்சுப் பாக்க முடியாம போற நிலை. ஆளே இல்லாதப்ப குரல் கேக்குறது (மாயப்புலனுணர்வு), என்ன ஆதாரம் காட்டினாலும் அசையாத தப்பான நம்பிக்கை (மருட்சி), பேச்சு கோர்வையில்லாம சிதறுறது இதெல்லாம் அதுல வரும். ஆள் ஆபத்தானவர்ங்கிற அர்த்தம் அந்தச் சொல்லுல கிடையாது.

வேர் கிரேக்கம், சைக்கேன்னா உயிர், மனசு. 1840கள்ல ஜெர்மன் பேசுற மருத்துவர்கள் கிட்ட புழங்க ஆரம்பிச்சது, 1845ல வியன்னா டாக்டர் ஃபாய்க்டர்ஸ்லேபன் எழுதின பிறகு தான் பரவுச்சு.

நம்ம பக்கம் பைத்தியம், பித்து ரெண்டுமே பித்தத்தோட ஒட்டின சொல்லு, பித்தம் தலைக்கேறிடுச்சுங்கிற பழைய வைத்தியக் கணக்கு, ஆனா இன்னைக்கு அது வெறும் வசவு. மனச்சிதைவுன்னு போடுறது தப்பு, அது ஸ்கிசோஃப்ரினியாங்கிற ஒரு குறிப்பிட்ட நோய். சைக்கோசிஸ் அதுல மட்டுமில்ல, கடுமையான பைபோலார்லயும் (மனநிலை ரொம்ப ஏறி இறங்குற நோய்) வரும், போதைப் பொருளாலயும் வரும். உளப்பிணின்னும் எழுதுறாங்க, ஆனா அத கேட்டா எல்லா மனநோயும் உள்ள வந்துடுற மாதிரி இருக்கு. என்னைக் கேட்டா மனப்பிறழ்வு தான் சரி.

சரி, இத எப்படி அளக்குறது? ரத்த டெஸ்ட் கிடையாது, ஸ்கேன்ல நம்பர் வராது. 1950கள்ல குளோர்புரோமசின் மாதிரி சைக்கோசிஸுக்கான மருந்து வந்ததும் 'வேலை செய்யுதா இல்லையா'ன்னு காட்ட ஒரு எண்ணு தேவைப்பட்டுச்சு, அதுல தான் இந்த ரேட்டிங் ஸ்கேல் எல்லாம் பெருகுச்சு, தமிழ்ல மதிப்பீட்டு அளவுகோல்னு சொல்லலாம். 1962ல வந்தது பிபிஆர்எஸ், டாக்டர் பேட்டி எடுத்து போடுறது. 1960கள் நடுவுல வந்த நோசி முழுக்க நர்ஸ் மிஸ்ஸிங்களுக்கானது: வார்டுல மூணு நாள் பாத்துட்டு 30 விஷயத்துக்கு மார்க் போடணும், தனக்குள்ளயே முணுமுணுக்குறாரா, ஜோக் சொன்னா சிரிக்கிறாரா, சுத்தமா இருக்காரா. நோயாளி வாயத் தொறந்து பேசலன்னாலும் அளக்கலாம், அது தான் அதோட அழகு.

1987ல வந்த பேன்ஸ்ங்கிற அளவுகோல் இன்னைக்கு ஆராய்ச்சில ரொம்ப புழங்குது. 30 ஐட்டம், ஒவ்வொண்ணுக்கும் 1லருந்து 7 வரை, அதுல 1ன்னா 'அறிகுறியே இல்ல'. அதனால ஒண்ணுமே இல்லாத ஆளுக்கும் மொத்தம் 30 வரும்! 90ல இருந்தவர் 60க்கு வந்தா மூணுல ஒரு பங்கு தான் குறைஞ்சிருக்குன்னு தோணும், அந்த 30ஐ ரெண்டுலயும் கழிச்சுப் பாத்தா 60, 30 ஆகியிருக்கு, அதாவது பாதி குறைஞ்சிருக்கு.

சிங்கப்பூர்ல இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. 'எனக்கு யாரோ செய்வினை வச்சுட்டாங்க'ன்னு ஒரு தமிழ் பாட்டி சொன்னா அது மருட்சியா, ஊர்ல பாதி பேர் நம்புறதா? தைப்பூசத்துல சிராங்கூன் ரோட்டுல அருள் வந்து ஆடுறவருக்கு யாரும் மார்க் போடுறதில்ல. சுத்தி இருக்கிறவங்களும் நம்புறாங்களா, திடீர்னு புதுசா வந்ததா, சாப்பாடு தூக்கம் வேலை கெடுதான்னு கேட்டுட்டு தான் எண்ணு போடணும், அதுக்கு வீட்டு ஆளுங்க பேச்சும் வேணும். ஆனா நம்ம வீடுகள்ல அத சொல்லவே தயக்கம், 1928ல திறந்து பின்னாடி உட்பிரிட்ஜ்னு பேர் மாறின மனநல ஆஸ்பத்திரி 1993லயே புவாங்கோக் பக்கம் போயி இப்ப மனநலக் கழகமா இருக்கு, இன்னமும் பெருசுங்க 'உட்பிரிட்ஜுக்கு அனுப்பிடுவேன்'னு தான் மிரட்டுது.

டாக்டர் 'ஸ்கோர் குறைஞ்சிருக்கு'ன்னு சொன்னா எதுல குறைஞ்சிருக்குன்னு கேளுங்க. குரல் நின்னும் ஆள் மூலையிலயே உக்காந்திருந்தா மொத்தம் என்னமோ இறங்கித் தான் இருக்கும், பேன்ஸ்ல குரல், மருட்சி எல்லாம் ஒரு பகுதி, அந்த ஒதுங்கல் வேற பகுதி, மாத்திரைக்கு அவ்வளவா மசியாதது.