எலக்ட்ரான் ஒட்டுறவு: சொல் விளக்கம்

அணுவுக்குள்ளும் அணு மோதல்களிலும் ஓர் எலக்ட்ரானின் இயக்கம், அந்தந்தக் கணத்தில் மற்ற எலக்ட்ரான்கள் எங்கே இருக்கின்றன என்பதைச் சார்ந்து அமைவதே எலக்ட்ரான் ஒட்டுறவு. ஆங்கிலத்தில் வழங்கும் 'கோரிலேஷன்' லத்தீன் வழி வந்தது. 'கூட' என்னும் முன்னொட்டும் 'உறவு' என்னும் சொல்லும் அதில் இணைந்துள்ளன. 'எலக்ட்ரான்' என்பது, அம்பர் என்னும் இறுகிய மரப்பிசினைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1891இல் ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி மின்னூட்ட அலகுக்கு இட்ட பெயர்.

இதை 'இடைவினை' என்று எழுதுவது போதாது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவது இடைவினை. ஒவ்வொன்றும் மற்றவற்றின் சராசரிப் புலத்தில் இயங்குவதாகக் கொள்ளும் ஹார்ட்ரீ-ஃபாக் கணக்கில் அதன் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. அடங்காமல் எஞ்சுவதுதான் ஒட்டுறவு. ஹீலியத்தில் மொத்தப் பிணைப்பாற்றல், அதாவது இரு எலக்ட்ரான்களையும் அணுவிலிருந்து பிரிக்க வேண்டிய ஆற்றல், ஏறத்தாழ 79 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). அதில் எஞ்சுவது 1.1 எலக்ட்ரான் வோல்ட் அளவே. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் மோனசைட் என்னும் கனிமத்தில், தோரியம் சிதைந்து வெளிவிடும் ஆல்பா துகள் இரண்டு எலக்ட்ரான்களைச் சேர்த்துக்கொண்டு ஹீலியமாகிறது; அந்த இரண்டே எலக்ட்ரான்களின் ஒட்டுறவைக்கூட, எழுதி முடிக்கத்தக்க ஒரு சமன்பாட்டுத் தீர்வாக இதுவரை எவராலும் தர இயலவில்லை. 79 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஒரே ஃபோட்டான் (ஒளித்துகள்) ஹீலியத்தின் இரு எலக்ட்ரான்களையும் வெளியேற்றுவதுண்டு. ஃபோட்டானை ஏற்பது ஓர் எலக்ட்ரான்தான் என்பதால், மற்றதும் உடன் வெளியேறுவதற்கு ஒட்டுறவே காரணமாகிறது.

பேச்சுத் தமிழில் 'ஒட்டும் இல்லை, உறவும் இல்லை' என்றால் நெருக்கம் அற்றுப்போனது என்று பொருள்; ஒன்றையொன்று விலக்கும் துகள்களுக்கு இச்சொல் பொருந்துமா என்று மாணவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் புள்ளியியலில் இதே சொல்லை ஆள்கின்றன. ஒன்று கூடும்போது மற்றது குறைவதையும் அங்கே எதிர் ஒட்டுறவு என்றே சொல்கிறோம். ஆகவே விலகிச் செல்வதும் ஒட்டுறவின் ஒரு வகையே. இலங்கை வழக்கைப் பின்பற்றி 'இலத்திரன் ஒட்டுறவு' என்று எழுதினாலும் தவறில்லை.

மோதலில் இது தெளிவாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. ஹைட்ரஜன் அணுவை, அயனியாக்கத்துக்கு (எலக்ட்ரானை வெளியேற்றுவதற்கு) வேண்டிய 13.6 எலக்ட்ரான் வோல்ட்டைச் சற்றே தாண்டிய ஆற்றலுள்ள எலக்ட்ரானால் தாக்கினால், வந்த எலக்ட்ரானும் வெளியேறும் எலக்ட்ரானும் மெதுவாக நகர்வதால் நெடுநேரம் ஒன்றன் விலக்குவிசையை மற்றொன்று உணர்ந்து, அணுக்கருவின் இரு பக்கமாக ஏறத்தாழ எதிரெதிர்த் திசையில் பிரிகின்றன. இந்நிலையில் அயனியாக்க வாய்ப்பு, மிகையாற்றலுக்கு நேர்விகிதத்தில் கூடாமல் அதன் 1.127ஆம் அடுக்கில் கூடும் என்று இயற்பியலாளர் வானியர் 1953இல் கணித்தார்.