காப்பு மண்டலம்: வட்டமா, 48 நாளா?

சென்னை ராயபுரத்தில் மண்டலம் என்றால் மாநகராட்சி அலுவலகம். மழைக்காலத்தில் அதே சொல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக டிவியில் வரும். அப்படியிருக்க, ‘நீராதாரப் பாதுகாப்பு மண்டலம்’ என்று ஓர் அறிக்கையில் படித்தால் நமக்கு என்ன தோன்றும்? கிணற்றைச் சுற்றிக் கம்பிவேலி, ஒரு கேட், ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன். விஷயம் அதுவல்ல.

கிணற்றில் மோட்டார் ஓட ஓட, சுற்றியுள்ள நிலத்தடி நீர் அதை நோக்கி நகரும். எங்கெல்லாம் மண்ணில் இறங்கிய துளி கடைசியில் இந்தக் கிணற்றுக்கு வந்து சேருமோ, அந்த நிலம் முழுவதும் கிணற்றின் ஈர்ப்புப் பரப்பு. அதன்மேல் செப்டிக் டேங்க், குப்பைக் கிடங்கு, ரசாயனக் குடோன் எதை எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டால் அது காப்பு மண்டலம் ஆகிறது.

ஆங்கிலத்தில் ‘ஜோன்’. கிரேக்கத்தில் அதற்கு இடுப்பில் கட்டும் கச்சை என்று பொருள். நம்மூர் அரைஞாண் கயிறு மாதிரி. மண்டலம் வடமொழியிலிருந்து வந்தது, வட்டம் என்று பொருள். இலங்கைத் தமிழர் புழங்கும் வலயமும் வடமொழிதான். வளை, வளையம் என்ற பொருள். ஆக, எந்தச் சொல்லை எடுத்தாலும் உருண்டையாகவே இருக்கிறது. எனக்கு முதலில் உறுத்தியது இதுதான், ஏனென்றால் அந்த நிலம் உருண்டையாக இருப்பதில்லை.

ஏழுகிணற்றையே எடுத்துக்கொள்வோம். 1772-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் குடிநீர் கொடுப்பதற்காக ஏற்பட்ட கிணறுகள். இன்று பெயரைச் சொன்னால் தெருவும் நெரிசலும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கிணறுகளுக்கு அன்றே ஓர் எல்லை போட வேண்டியிருந்தால், காம்பஸ் வைத்து வட்டம் இழுத்திருப்பார்கள். ஆனால் கடலோர ஊரில் தரைக்கடியில் நீர் பொதுவாக மேற்கிலிருந்து கடலை நோக்கிச் சரியும். கிணறு தனக்கு மேட்டுப் பக்கத்திலிருந்துதான் அதிகம் இழுக்கும். எனவே பரப்பு கிழக்கே குறுகி, மேற்கே மீன் உடம்புபோல் நீளும். வட்டம் போட்டால் காக்க வேண்டிய வீட்டை விட்டுவிட்டுச் சம்பந்தமில்லாத வீட்டைக் கட்டுப்படுத்துவோம்.

அந்த மீன் உருவத்தைக் கண்டுபிடிக்கத்தான் கணினிக் கணக்கு. நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மணலா களிமண்ணா, மழை எவ்வளவு இறங்கும், யார் எவ்வளவு இறைக்கிறார்கள் என்று கொடுத்தால் நீர்மட்டமும் ஓட்டத்தின் திசையும் கிடைக்கும். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 1980-களில் வெளியிட்ட மோட்ஃப்ளோ இதில் பேர்போன நிரல். அப்புறம் ஒரு வேடிக்கை செய்வார்கள்: கிணற்றடியில் கற்பனைத் துளிகளை வைத்து நேரத்தைப் பின்னோக்கி ஓட்டுவார்கள். எது எங்கிருந்து, எத்தனை நாள் பயணம் செய்து வந்தது என்று தடம் விழும்.

ஆகவே எல்லையை அளப்பது அடியில் அல்ல, நாளில். இங்கிலாந்தில் உள் மண்டலம் 50 நாள் பயணத் தொலைவு. அடுத்தது 400 நாள். மூன்றாவது, ஈர்ப்புப் பரப்பு முழுவதும். மண்ணுக்குள் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்காது என்பதுதான் 50-க்குக் காரணம். எண்ணெய்க்கும் ரசாயனத்துக்கும் அந்தக் கணக்கு செல்லாது. 2013-இல் தண்டையார்பேட்டையில் பூமிக்கடிக் குழாயிலிருந்து கசிந்த எண்ணெய் வீட்டு போர்வெல்களில் வந்தபோது இங்கே அதைப் பார்த்தோம்.

50 நாள் என்றதும்தான் எனக்குப் பொறி தட்டியது. “ஒரு மண்டலம் சாப்பிடுங்க” என்று சித்த மருத்துவர் சொன்னால் வட்டத்தையா சொல்கிறார்? 48 நாள்! கும்பாபிஷேகம் முடிந்த கோயிலில் மண்டலாபிஷேகமும் அந்தக் கணக்குதான். இடத்தையும் நாளையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம். ‘ஜோன்’ என்ற சொல்லுக்கு அந்த வசதி கிடையாது. தற்செயல்தான், இருந்தாலும் மண்டலத்தின்மேல் எனக்கிருந்த புகார் அதோடு போய்விட்டது. முன்னால் ‘பாது’ மட்டும் வேண்டாம். காப்புக் காடு என்று வனத்துறைப் பலகையிலேயே இருக்கிறதே, அதுபோல நீராதாரக் காப்பு மண்டலம் என்றால் போதும்.

நிலத்தடி ஓட்டத்தை மதிக்காமல் இறைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் இருக்கிறது. 1960-களின் கடைசியில் அங்கே குழாய்க்கிணறுகள் போட்டுத் தொழிற்சாலைகளுக்கு நீர் எடுத்தார்கள். வயலுக்கும் இறைப்பு நடந்தது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே போனதும் சரிவு திரும்பியது, உப்புநீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. 1987-இல் வந்த சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர்ச் சட்டம் இறைக்க அனுமதி, லாரியில் கொண்டுபோக உரிமம் என்று எடுக்கும் அளவைத்தான் கட்டுப்படுத்தியது.

எனக்கு இன்னும் ஒத்துவராத சொல் ‘மாதிரி’. பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்புவதும் நீர் மாதிரி. முன்னே சொன்ன கணினிக் கணக்கும் (மாடல்) நீர் மாதிரி. “உங்கள் தெரு நிலத்தடி நீர் மாதிரி தயார்” என்று அறிவித்தால், கொருக்குப்பேட்டையில் யாராவது அதைக் குடித்துப் பார்க்கக் கேட்பார்கள். இலங்கையில் சொல்லும் ‘மாதிரியுரு’ பரவாயில்லை. பாட்டிலுக்கு மாதிரி, கணினிக்கு நீரோட்ட மாதிரியுரு என்று வைத்துக்கொள்ளலாம்.