ரோபோ சிரிச்சா நமக்கும் சிரிப்பு வருது, ஏன்?

ராமேஸ்வரம் பக்கம் பாம்பன், மண்டபம் ஊருங்கள்ல காலைல மீன் ஏலம் நடக்குறப்ப பாத்தீங்கன்னா, ஏலம் விடுறவர் வாய் விலைய சொல்லிக்கிட்டே இருக்கும், கண்ணு யாவாரிங்க மூஞ்சிய விட்டு நகராது, ஒருத்தர் புருவத்த லேசா தூக்குனா போதும், விலை ஏறிடும். யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கல. இதையே மனுச மூஞ்சி வச்ச ஒரு ரோபோ செய்யணும்னா அங்கதான் வில்லங்கமே.

மூஞ்சி செய்யிறது இப்ப பெரிய விசயம் இல்ல. சிலிக்கோன் தோலு, அதுக்குப் பின்னாடி குட்டி குட்டி மோட்டாரு, அது இழுத்தா உதடு விரியும், புருவம் ஏறும். ஜப்பான்ல ரோபோ ஆராய்ச்சி பண்ற ஹிரோஷி இஷிகுரோ 2006லயே தன்னை மாதிரியே ஒரு ரோபோவ செஞ்சு பக்கத்துல உக்கார வச்சுட்டாரு. ஆனா பாக்குறவங்களுக்கு ஒரு மாதிரி கூசும். பொம்மை மனுச சாயலுக்கு நெருங்க நெருங்க நமக்குப் பிடிக்கும், ரொம்ப நெருங்கிட்டு கொஞ்சூண்டு தப்புனா சட்டுன்னு அருவருப்பாயிடும்னு அதே ஜப்பான்ல ரோபோ பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970லயே எழுதிட்டாரு.

அந்தக் கொஞ்சூண்டு எதுல தப்புது? ஒண்ணு கண்ணு. மனசார சிரிச்சா உதட்டோட சேர்ந்து கண்ணைச் சுத்தி இருக்குற தசையும் சுருங்கும், பிரான்ஸ்ல துஷேன்ங்கிற டாக்டர் 1862லயே இத எழுதிருக்காரு. வாய் மட்டும் சிரிச்சு கண்ணு ஐஸ்ல நாலு நாள் கெடந்த மீன் கண்ணு மாதிரி இருந்தா யாரு நம்புவா.

இன்னொண்ணு டைமிங், என்னைக் கேட்டா இதுதான் முக்கியம். பேச்சுல ஒருத்தர் முடிச்சதும் அடுத்தவர் ஆரம்பிக்க பொதுவா 0.2 செகண்ட்தான் ஆகும், ரோபோ நம்ம சிரிப்பைப் பாத்து, யோசிச்சு, மோட்டாரை ஓட்டி சிரிக்கிறதுக்குள்ள ஜோக்கே ஆறிப்போயிடும். கொலம்பியா யுனிவர்சிட்டில ஹாட் லிப்சன் குழு 2024ல காட்டுன எமோங்கிற ரோபோ இதத்தான் வேற மாதிரி சமாளிச்சுச்சு. அதுக்கு 26 மோட்டாரு, கண்ணுக்குள்ள கேமரா. மொதல்ல அத கேமரா முன்னாடி உக்கார வச்சு இஷ்டத்துக்கு மூஞ்சிய அசைக்க விட்டாங்க, எந்த மோட்டாரு எந்த முகபாவம்னு அதுவே கத்துக்கிச்சு, அப்புறம் மனுசங்க மூஞ்சி வீடியோவா பாத்து சிரிப்பு வர்றதுக்கு முன்னாடி மூஞ்சில ஓடுற சின்னச் சின்ன அசைவைப் பிடிக்கப் பழகுச்சு, கடைசில நாம சிரிக்கப் போறத சுமார் 0.84 செகண்டுக்கு முன்னாடியே கணிச்சு நம்மளோடவே சேர்ந்து சிரிக்குது.

ரோபோ சிரிப்பு நம்மள ஏன் இழுக்குதுன்னா, நம்ம மூஞ்சி நம்மளக் கேக்காமலே எதிராளிய காப்பி அடிக்கும். ஸ்வீடன்ல உல்ஃப் டிம்பெர்க் குழு 2000ல சிரிக்கிற மூஞ்சி, கோவமான மூஞ்சி படத்த 0.03 செகண்ட் மட்டும் காட்டி உடனே சாதா மூஞ்சியால மறைச்சுட்டாங்க, பாத்தவங்களுக்கு என்ன பாத்தோம்னே தெரியல, ஆனாலும் முகத் தசை அதுக்கேத்த மாதிரி துடிச்சது தசைய அளக்குற கருவியில பதிவாச்சு.

சரி, நம்ம மூஞ்சிய ரோபோ சரியா படிக்குமா? இங்கதான் இடிக்குது. முக அசைவ ஒவ்வொண்ணா பிரிச்சு நம்பர் போட்ட முறைய எக்மன், ஃப்ரீசன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளருங்க 1978ல வெளியிட்டாங்க, 12ன்னா உதட்டு ஓரம் ஏறுறது, 6ன்னா கன்னம் ஏறி கண்ணு சுருங்குறது, 4ன்னா புருவம் இறங்குறது. இப்ப பாம்பன் பக்கத்துல சின்னப்பாலம்ங்கிற ஊர்ல கடல்பாசி எடுத்துட்டு கரையேறுற அக்காங்களப் பாருங்க, உப்புத் தண்ணியும் வெயிலும் அடிச்ச அடில எல்லாருக்கும் கண்ணு இடுங்கி புருவம் இறங்கித்தான் இருக்கும். கேமராவுக்கு அது 4. கோவம்னு எழுதிக்கும், அக்கா பக்கத்துல உள்ளவங்கள கிண்டல் பண்ணிட்டு வந்துட்டு இருப்பாங்க. மூஞ்சிய மட்டும் வச்சு மனசுல இருக்குறத உறுதியா சொல்ல முடியாதுன்னு உளவியல் ஆய்வாளர் லிசா ஃபெல்ட்மன் பேரட் குழுவும் 2019ல பழைய ஆய்வுகள அலசிட்டு சொல்லிருச்சு, குரல், எடம், யாரு கூட நிக்கிறாங்க எல்லாம் சேர்ந்தாத்தான் அர்த்தம்.

ஐரோப்பிய யூனியன்ல 2025 பிப்ரவரில இருந்து வேலை பாக்குற எடத்துலயும் ஸ்கூல்லயும் இப்படி மூஞ்சியப் பாத்து உணர்ச்சியக் கணிக்கிற ஏஐக்கு தடை, மருத்துவம், பாதுகாப்புக்கு மட்டும் விலக்கு. ரோபோ நம்மளப் பாத்து சிரிக்கிறதுக்குத் தடை எதுவும் இல்ல.