ஃபெரிட்டின் அதிகம் என்றால் இரும்பும் அதிகமா?

ரத்தத்தில் ஃபெரிட்டின் 1,600, இயல்பைவிடப் பல மடங்கு. ஹீமோகுளோபின் 8.9, ரத்தசோகை. இரண்டும் ஒரே ரிப்போர்ட்டில் இருந்ததால்தான் அந்த 41 வயது ஆசிரியரை உட்காரவைத்து நிதானமாக விசாரித்தேன். ஃபெரிட்டினைப் பார்த்து, உடம்பில் இரும்பு சேர்ந்துவிட்டது என்று வேறொரு இடத்தில் வாராவாரம் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஐந்தாறு முறை எடுத்ததும் மாடி ஏறவே மூச்சு வாங்கியிருக்கிறது. ஃபெரிட்டின் மட்டும் இறங்கவில்லை.

“இதுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன்?”

“கண்ணுலதான் டாக்டர். முப்பது வயசுலயே புரை. எங்கம்மாவுக்கும் சீக்கிரமே வந்துச்சு.”

அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது.

ஃபெரிட்டின், இரும்பைப் பத்திரப்படுத்தும் புரதக் கூடு. ஒரு கூட்டில் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். இரும்பு குறைவாக இருக்கும்போது இந்தக் கூட்டைச் செய்வது வீண்வேலை. அதைத் தடுக்கும் பூட்டு, ஃபெரிட்டினுக்கான தூது ஆர்.என்.ஏவிலேயே, அதாவது அந்தப் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைச் சுமந்துவரும் இழையிலேயே, இருக்கிறது. அதன் தொடக்க முனைக்குப் பக்கத்தில், சுமார் 30 எழுத்து நீளத்துக்கு இழை தன்மேல் தானே மடங்கிக் கொண்டை ஊசி போல நிற்கும். இரும்பு குறைந்தால் ஐ.ஆர்.பி. என்ற புரதம் அந்த ஊசியைக் கவ்விக்கொள்ளும். புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோமின் சிறிய பாதி ஏற வேண்டிய இடமும் அதுதான். வழி அடைபட்டதால் உற்பத்தி தொடங்காது. இரும்பு கூடினால் பிடி விடும், வேலை ஆரம்பிக்கும். (ஐ.ஆர்.பி.யில் இரண்டு வகை. அதில் ஒன்று, இரும்பு கிடைத்ததும் பிடியை விட்டுவிட்டு வேறொரு நொதியாக மாறி வேலைக்குப் போய்விடும். படித்த நாளிலிருந்து எனக்கு அது ஆச்சரியம்தான்.)

மரபணுப் பரிசோதனையில் இவருக்கு அந்தக் கொண்டை ஊசியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. புரதத்தில் ஒரு பழுதும் இல்லை, ஐ.ஆர்.பி.க்குப் பிடி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இரும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபெரிட்டின் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. அது கண் வில்லையில் படிகமாகச் சேர்ந்தால் புரை. 1995இல் இத்தாலியிலும் பிரான்சிலும் முதன்முதலில் விவரித்த நோய் இது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அபூர்வ நோய்தான். அழற்சி, கொழுப்புக் கல்லீரல், மது என்று ஃபெரிட்டின் ஏற வேறு காரணங்களே அதிகம். ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி ரத்தம் எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தில் எத்தனை சதவீதம் இரும்பு நிரம்பியிருக்கிறது (transferrin saturation) என்று கேளுங்கள். அது இயல்பாக இருந்து, வீட்டில் இளவயதுப் புரையும் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆசிரியருக்கு ரத்தம் எடுப்பதை நிறுத்தி, இரும்பு மாத்திரை கொடுத்தோம். ஹீமோகுளோபின் ஏறிவிட்டது. ஃபெரிட்டின் அப்படியேதான் இருக்கிறது, இருக்கட்டும். போன முறை மகளையும் கூட்டிவந்தார். ஏழாம் வகுப்பு. கரும்பலகை கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறதாம். கண் மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன்.